ஏழு இன்ச் பாப் சிங்கிள்ஸ்: ரொம்ப நாளா வச்சு கேக்குறவனோட ரிவ்யூ

ரெக்கார்டை சுத்த விடற டர்ன்டேபிளுக்கு ரிவ்யூ இருக்கு, ஆம்ப்ளிஃபயருக்கு இருக்கு, நிறைய பாட்டு இருக்குற பன்னெண்டு இன்ச் ரெக்கார்டான எல்பிக்கு பக்கம் பக்கமா இருக்கு, ஆனா ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டோட, நிமிஷத்துக்கு 45 சுத்து (45 ஆர்பிஎம்) சுத்துற இந்த குட்டி ரெக்கார்டு தட்டை, அதாவது சிங்கிளை, யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. என்கிட்ட ஒரு பெட்டி நிறைய இருக்கு, பாதி மாமாவும் அக்காவும் சேத்தது, மீதி நான் அங்கங்க பழசா தேடிப் பிடிச்சது. எல்லாமே பாப்தான், அறுபதுகள்ல ஆரம்பிச்சு எண்பதுகள் வரைக்கும். முடிவை முதல்லயே சொல்லிடறேன்: பாட்டு காதுல விழுந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு இது தண்டச்செலவு. ஒரு பாட்டு மேல பைத்தியமா இருக்குறவங்களுக்கு இதைவிட நல்ல பொருள் இன்னும் வரல.

கொஞ்சம் பழைய கதை. 1948ல கொலம்பியா கம்பெனி எல்பியை இறக்குனாங்க, அதுக்குப் போட்டியா ஆர்சிஏ விக்டர் 1949ல கொண்டு வந்ததுதான் இந்த 45. ஆரம்பத்துல பாட்டு வகைக்கு ஒரு கலர்னு தட்டையே கலர் கலரா அடிச்சாங்களாம், கன்ட்ரி மியூசிக்னா பச்சை, குழந்தைங்க பாட்டுன்னா மஞ்சள், பாப்புக்கு மட்டும் கறுப்பு. அழகா இருந்திருக்கும், ரொம்ப நாள் நீடிக்கல.

சவுண்டுக்கு வருவோம், ஏன்னா இங்கதான் நிறைய பேர் இதை குறைச்சு எடை போடறாங்க. நல்ல நிலைமையில இருக்குற சிங்கிள் அதே பாட்டோட எல்பி காப்பியை பல சமயம் தூக்கி சாப்பிட்டுடும். காரணம் சிம்பிள், பக்கத்துக்கு மூணு நிமிஷ பாட்டு ஒண்ணுதான், அதனால பாட்டு பதிஞ்சிருக்குற பள்ளத்தை நல்லா அகலமா, சத்தமா வெட்டலாம், தட்டும் 33ல சுத்தாம 45ல சுத்துது. எல்பில கடைசி பாட்டு லேபிள் பக்கம் போகப் போக முள்ளுக்கு அடியில பள்ளம் ஓடுற வேகம் குறைஞ்சு 'ஸ' சத்தமெல்லாம் பிசிறடிக்கும் பாருங்க, அது இதுல கம்மி. பாட்டு நீண்டா மட்டும் இந்த வசதி போயிடும், பள்ளங்களை நெருக்கி வெட்டணும், சத்தம் குறையும். பீட்டில்ஸோட 'ஹே ஜூட்' 1968ல ஏழு நிமிஷத்துக்கு மேல ஒரே பக்கத்துல வந்தப்ப அது பெரிய விஷயமா இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா நான் இதை வச்சிருக்கறது சவுண்டுக்காக மட்டும் இல்ல. இதுல கேக்குற விதமே வேற. போன்ல பாட்டு ஓடிட்டே இருக்கும், நாம பாட்டுக்கு வேற வேலை பாத்துட்டு இருப்போம், எது முடிஞ்சுது எது ஆரம்பிச்சுதுன்னு கூட தெரியாது. இங்க அந்த பாச்சா பலிக்காது, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போய் முள்ளை எடுத்து தட்டை மாத்தணும் இல்லன்னா திருப்பிப் போடணும், அதனால அடுத்து என்ன போடலாம்னு யோசிச்சுக்கிட்டே கேப்போம். சோம்பேறிங்களுக்கு ஒத்து வராது. எனக்கே சில நாள் ஒத்து வராது, அன்னிக்கு போன்தான்.

அக்காவுக்கு பிடிச்ச பாட்டு ஒண்ணு இருந்துச்சு, அது முடியுறதுக்குள்ளயே, சத்தம் தேய ஆரம்பிச்ச உடனே, டர்ன்டேபிளோட முள்ளுக் கையைத் தூக்கி திரும்ப முதல்ல வச்சிடுவா. உள்ள இருந்து அம்மா "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி எத்தனை தடவைடி அதையே போடுவ"ன்னு கத்துவாங்க. உண்மையிலயே கீறல் விழுந்துச்சு. ரெண்டாவது சரணத்துல, பாடுறவர் மூச்சு எடுக்குற இடத்துல, "டிக்"னு ஒண்ணு, ஒரு சுத்து கழிச்சு இன்னொரு "டிக்", அவ்வளவுதான். லேபிள்ல நீல பால்பாயின்ட் பேனால அவ பேரோட முதல் எழுத்து, பக்கத்துல ஒரு பூ, பார்ட்டிக்கு எடுத்துட்டுப் போனா மாறிடக் கூடாதுன்னு போட்டது. இப்ப அந்த பாட்டு எங்க ஓடுனாலும், ரேடியோவா இருக்கட்டும் யாரோ ஒருத்தர் காரா இருக்கட்டும், அந்த இடம் வந்தா என் மண்டைக்குள்ள "டிக்" விழுந்துடும். அதே சிங்கிள் புதுசு மாதிரி பளபளன்னு ஒண்ணு கிடைச்சுது, வாங்கி வச்சிருக்கேன், கேக்குறது என்னவோ பழசைத்தான்.

அடுத்தது பி சைடு. இதுக்காகவே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா. பல சமயம் எல்பிலகூட வராம, சும்மா பின்பக்கத்தை நிரப்பணுமேன்னு போட்ட பாட்டுங்க, அதுல சிலது முன்பக்கத்தையே ஓரங்கட்டிடும். 'ஐ வில் சர்வைவ்' முதல்ல 1978ல 'சப்ஸ்டிட்யூட்'ங்கற பாட்டுக்கு பின்பக்கமாத்தான் வந்துச்சு, கிளப் டிஜேங்க திருப்பிப் போட்டு போட்டுத்தான் அது ஹிட் ஆச்சு. தட்டை திருப்பாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. மாமாவோட சிங்கிள்ஸ்ல பாதிக்கு பி சைடு புத்தம்புதுசா இருக்கும், மனுஷன் திருப்பியே பாத்ததில்ல போல. அதெல்லாம் எனக்கு கிடைச்ச லாபம்.

பழசா வாங்குறதுல இன்னொரு சுவாரஸ்யம், முன்னாடி வச்சிருந்தவங்க விட்டுட்டுப் போன அடையாளங்கள். லேபிள்ல மார்க் போட்டிருப்பாங்க, தேதி எழுதியிருப்பாங்க, ஒண்ணுல யாரோ ஏ சைடை அடிச்சுட்டு "இது வேண்டாம்"னு இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்காங்க, கேட்டுப் பாத்தேன், சரியாத்தான் சொல்லியிருக்காங்க. லேபிளுக்கும் கடைசி பள்ளத்துக்கும் நடுவுல ஒரு வழுவழு பட்டை இருக்கும், அதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நம்பர் பொறிச்சிருப்பாங்க, சிலதுல தட்டு வெட்டுன இன்ஜினியரோட கிறுக்கலும் இருக்கும். ஜார்ஜ் பெக்கம்னு ஒருத்தர், "எ போர்க்கி ப்ரைம் கட்"னு கையால எழுதி விடுவார். அது இருந்தா பொதுவா சவுண்டு தூக்கலா இருக்கும்னு கண்ணை மூடிட்டு வாங்குறவங்க உண்டு, நானும் அந்த கோஷ்டிதான்.

குறைகள் இல்லாம இல்ல. முதல்ல, எல்லா சிங்கிளும் வினைல்ங்கற வளையுற பிளாஸ்டிக் கிடையாது. அமெரிக்க சிங்கிள்ஸ்ல நிறைய ஸ்டைரீன்ங்கற பிளாஸ்டிக்ல அச்சுல ஊத்தி எடுத்தது, லேபிள் மேல ஒட்டியிருக்கும், கையில லேசா வளைச்சா வளையாது. தேய்மானம் ரொம்ப சீக்கிரம். பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், போட்டா புயல் காத்து மாதிரி இரைச்சல். ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து வந்ததுன்னா இன்னும் மோசம், பாட்டு தொடங்குற இடத்துல முன்னயும் பின்னயும் சுத்தி சுத்தி அந்த முதல் சில வினாடியை அரைச்சு வச்சிருப்பாங்க. அடுத்து ஓட்டை நடுவுல சரியா விழாதது. பாட்டோட சுருதி மேலயும் கீழயும் ஆடும், பியானோ வந்தா தாங்க முடியாது, இதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது, திருப்பிக் கொடுக்கறதுதான் வழி.

அப்புறம் பெட்டி மாதிரி மூடி தூக்கிட்டுப் போற அந்த சூட்கேஸ் ப்ளேயர்கள். ஃப்ரெண்டு வீட்டுல ஒண்ணு இருக்கு, பாக்க ரொம்ப அழகு, போட்டோவுக்கு சூப்பர், ஆனா என் தட்டை அதுல போட விடமாட்டேன், சண்டையே வந்தாலும் சரி. கார்ட்ரிட்ஜ்னா முள்ளைப் பிடிச்சிருக்குற பாகம்; நல்ல மேக்னெட் கார்ட்ரிட்ஜ் பொதுவா 1.5லிருந்து 2 கிராம் அழுத்தத்துல ஓடும், இதுல பல மாடல்ல செராமிக் கார்ட்ரிட்ஜ், அதைவிட ரெண்டு மூணு மடங்கு அழுத்தும், எடையை மாத்தவும் வழி கிடையாது. நாப்பது அம்பது வருஷம் தாக்குப் பிடிச்ச தட்டை நாமளே உழுது போடறதுக்கு எதுக்கு வாங்கணும்? எடையை அட்ஜஸ்ட் பண்ற வசதி இருக்குற சாதாரண டர்ன்டேபிள் போதும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்ல. கார்பன் ஃபைபர் பிரஷ், போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை. ரொம்ப அழுக்குன்னா டிஸ்டில்டு வாட்டர், லேபிள்ல படாம. பழைய பேப்பர் உறை தட்டை உரசும், அதனால உள்ள பாலித்தீன் உறை போட்டு, அசல் பேப்பர் உறையை தனியா பின்னாடி வச்சிருக்கேன். பிவிசி உறை மட்டும் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாக தட்டு மேல மங்கலா படிஞ்சிடும், துடைச்சாலும் போகாது. நிமித்தி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, வெயில் படுற ஜன்னல் பக்கம் வச்சா அப்பளமா நெளிஞ்சிடும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு: அரிய சரக்கு, முதல் பதிப்புன்னு அலையாதீங்க, உங்க வீட்டுல யாரோ பாடி நீங்க கேட்ட பாட்டு எதுவோ அதுல தொடங்குங்க, லட்சக்கணக்குல அடிச்ச ஹிட் பாட்டுங்க ஈசியா கிடைக்கும். வாங்குறப்ப வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, விரல் நகத்துல தட்டுப்படற கீறல்னா கண்டிப்பா சத்தம் வரும், கண்ணுக்கு மட்டும் தெரியுற மெல்லிய கோடு பரவாயில்ல. நடு ஓட்டை சிலதுல பெருசா, ஒன்றரை இன்ச்சுக்கு இருக்கும், பிரிட்டிஷ் பதிப்புங்கள்ல பெரும்பாலும் சின்னதா இருக்கும். பெருசுக்கு நடுவுல வைக்க ஒரு அடாப்டர் வேணும், ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கோங்க, அது தொலையுற வேகத்துக்கு ஒண்ணு பத்தாது.