கொழும்புப் புழுக்கத்தில் எந்தக் கூலிங் வெஸ்ட் வேலை செய்யும்?

சூடு தாங்காத நோயாளிகள் உடம்பைக் குளிர வைக்கப் போடும் கையில்லாச் சட்டைதான் கூலிங் வெஸ்ட். அதில் தண்ணீரில் நனைத்துப் போடும் வகையைக் கொழும்பில் இருப்பவர்கள் வாங்க வேண்டாம். விலை குறைவு, பாரம் குறைவு, பிரிட்ஜ் தேவையில்லை என்பதால் மனம் முதலில் அதற்குத்தான் போகும். ஆனால் அந்தத் துணி குளிர்வது அதிலுள்ள நீர் ஆவியாவதால். 40 பாகை வெயிலும் 15 வீத ஈரப்பதனும் உள்ள வறண்ட ஊரில் நனைத்த துணி 21 பாகை வரை இறங்கலாம். 31 பாகையும் 75 வீதமும் உள்ள கொழும்புப் பகலில் அது 27க்குக் கீழே போகாது. காற்றே அசையாத சித்திரைப் புழுக்கத்தில் அந்த 27உம் கிடைப்பது கஷ்டம். உடம்போடு ஒட்டிய ஈரத்துணிதான் மிச்சம்.

நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையும் நோயான எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு இந்தச் சில பாகைகள் பெரிய விஷயம். உடற்சூடு அரைப் பாகை ஏறினாலே, மயலின் உறை சிதைந்த நரம்புகளில் செய்தி தடைப்படலாம். பார்வை மங்கும், கால் பின்னும். ஜேர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊட்ஹொஃப் 1890இல் விவரித்த இந்த நிலை, உடம்பு ஆறியதும் தணிந்துவிடும். ஆறிய பிறகும் குறையாமல் ஒரு நாளுக்கு மேல் இழுத்தால் அது நோயின் புதிய தாக்கமாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நம் காலநிலைக்குப் பொருந்துவது பி.சி.எம். வெஸ்ட், அதாவது உருகும்போது சூட்டை உறிஞ்சும் பொருள் (phase change material) வைத்த வெஸ்ட். குறித்த ஒரு வெப்பநிலையில் உருகும் பரஃபின் மெழுகோ நீரேறிய உப்போ அடைத்த தட்டையான பைகள், முன்னும் பின்னும் பொக்கற்றுகளில் செருகப்பட்டிருக்கும். உருகி முடியும்வரை பை அந்த வெப்பநிலையிலேயே நிற்கும். 15, 18, 21, 28 பாகை என்று பல வகை உண்டு. வாங்கும்போது நிறத்தையும் தையலையும் விட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

28 பாகைப் பைக்குப் பிரிட்ஜே வேண்டாம், ஏ.சி. அறையில் மெதுவாக உறைந்துவிடும். நீரும் பூக்காது. ஆனால் தோல் 33, 34 பாகையில் இருக்கும்போது இடைவெளி ஐந்தாறு பாகைதான். அலுவலகத்துக்குள் இருப்பவருக்கு அது போதும், காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்குப் போதாது. வெளியே போய் வருபவர் 15க்கும் 18க்கும் இடையில் எடுப்பதே சரி. 15 பாகைப் பைகளை இரவு முழுவதும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். அவசரமென்றால் ஐஸ் போட்ட தண்ணீர் வாளியில் முக்கால் மணித்தியாலம். மடியாமல் தட்டையாக உறைய வையுங்கள். உருண்டு உறைந்த பை உடம்பில் படியாது.

ஒரு வெஸ்ட் எவ்வளவு நேரம் தாங்கும்? 2 கிலோ பரஃபின் உருகும்போது ஏறக்குறைய 400 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணித்தியாலத்தில் ஆக்கும் சூடு 360 கிலோஜூல் அளவு. பை எடுப்பது அதில் ஒரு பங்கைத்தான் என்பதால் இரண்டு மணித்தியாலம் எதிர்பார்க்கலாம். பெட்டியில் மூன்று, நான்கு என்று போட்டிருந்தாலும் நம்பிப் புறப்படாதீர்கள். காரணம் பனிநீர். கொழும்புக் காற்றிலுள்ள ஆவி 24-26 பாகை அளவிலேயே நீராகப் படியத் தொடங்கும். 15 பாகைப் பையில் அது வியர்த்துக் கொட்டும். அப்படிப் படியும் ஒவ்வொரு 50 மில்லிலீற்றர் நீரும் 120 கிலோஜூல் சூட்டைப் பைக்குள் இறக்குகிறது. 400இல் 120 என்றால் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு, உங்கள் உடம்பைத் தொடாமலே போய்விடுகிறது! வலைத்துணி வெஸ்ட் காற்றோட்டமாகத் தெரிந்தாலும் இங்கே நட்டம். வெளிப்பக்கம் நுரைப்பட்டையும் காற்றுப் புகாத துணியும் உள்ளதைத் தேடுங்கள்.

கிளினிக் நாளில் வரிசையே நான்கு மணித்தியாலம் போகலாம். ஆகவே மாற்றுப் பைகள் ஒரு செட் கட்டாயம். சின்ன ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸோடு வைத்தால் மத்தியானம் வரை உறைந்தே இருக்கும். மாற்றுப் பை தனியாக விற்காத கம்பனியின் வெஸ்ட்டை எடுக்காதீர்கள்.

ஐஸ் அல்லது ஜெல் பை செருகும் வெஸ்ட் மலிவு, நேரமும் கூடத் தாங்கும்: ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆனால் தோலை நேரே தொடும் கடுங்குளிர் அங்குள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், உள்சூடு வெளிவரத் தயங்கும். உணர்ச்சி மரத்த இடத்தில் தோல் உறைந்து புண்ணானாலும் தெரியாது. எம்.எஸ். நோயாளிக்கும் நீரிழிவால் நரம்பு பாதித்தவருக்கும் இது உண்மையான ஆபத்து. வேறு வழியில்லாமல் போட்டால் நடுவே தடித்த துவாய் வைத்து, இருபது நிமிடத்துக்கொரு தடவை தோலைப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயோடு ரேனோ நிலை உள்ளவர்கள், அதாவது குளிரில் விரல் வெளுப்பவர்கள், வைத்தியரைக் கேட்காமல் எந்தக் குளிர் வெஸ்ட்டும் போடக் கூடாது. சில எம்.எஸ். நோயாளிகளுக்குக் குளிரில் தசை இறுக்கம் கூடுவதும் உண்டு.

பற்றரி ஃபேன் வைத்த ஜாக்கெட்டை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே மெல்லிய பருத்திப் பெனியனை நனைத்துப் போட்டால், ஓடும் காற்று ஈரத்தைத் தோலிலிருந்தே எடுத்துப் போகும். தோலின் சூட்டில் ஆவி அழுத்தம் வெளிக்காற்றினதை விட அதிகம் என்பதால் நம் ஈரப்பதனிலும் இது ஓரளவு நடக்கும். வியர்வை சரியாக வராதவர்களுக்கு நனைத்த பெனியன் இல்லாமல் பயன் குறைவு. பம்பு வைத்துக் குளிர்நீர் ஓட்டும் வெஸ்ட் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நல்லது. குழாய் மடிந்தால் நீர் நிற்கும், நீரை மாற்றாவிட்டால் பாசி பிடிக்கும்.

அளவு இறுக்கமாக இருக்கட்டும். பைக்கும் உடம்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பாதிப் பயன் போச்சு. பக்கப் பட்டி இழுத்துக் கட்டக்கூடியதா, முன் சிப்பை நடுங்கும் கையால் பூட்ட முடியுமா என்று பாருங்கள். கால் தளர்ந்தவருக்கு 2.5 கிலோவுக்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் முதுகுப் பைகளைக் கழற்றிவிடலாம். அழுத்திப் புண் வரும். இன்னொன்று: வெஸ்ட்டைப் படியிறங்கும்போது போடாமல் அரை மணித்தியாலம் முன்பே வீட்டுக்குள் போடுங்கள். ஏறிய சூட்டை இறக்குவதை விட ஏறாமல் தடுப்பது எளிது.

பொதி வந்த அன்றே இரண்டு சோதனை. உறைந்த இரண்டு பைகளுக்கு நடுவில் டிஜிற்றல் வெப்பமானி வைத்து ஐந்து நிமிடத்துக்கொரு தடவை குறியுங்கள். சொன்ன எண்ணுக்கருகே வெப்பநிலை நெடுநேரம் நின்று பிறகு ஏற வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருப்பது வெறும் ஜெல், திருப்பி அனுப்புங்கள். அடுத்தது, ஒவ்வொரு பையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். மாதமொருமுறை திரும்ப நிறுங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பரஃபின் தீப்பற்றும், அந்தப் பையை அடுப்படிக்குக் கொண்டு போகவே வேண்டாம்.