தென் அமெரிக்க மீன்தொட்டி: எந்த மீனோடு எது சேரும்?

ஒரே கண்டத்து மீன்கள்தானே, ஒத்துப்போய்விடும் என்று நம்பிப் பலரும் கலந்து வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. தரையில் மேயும் சிறு கெளுத்தியான பெப்பர் கோரி தெற்கே லா பிளாட்டா படுகையின் குளிர்ந்த நீருக்குப் பழகியது. புளூ ரேம் என்ற சிறு வண்ண மீன் வெனிசுலா, கொலம்பியாவின் ஒரினோகோ சமவெளியில் வெதுவெதுப்பான நீரில் வாழ்வது. ஒன்றுக்குச் சுகமான சூடு மற்றதை வாட்டும். அதனால் முதலில் தொட்டியின் பெரிய மீன் எது என்று தீர்மானியுங்கள். அதற்கான வெப்பநிலை முடிவானால் மற்ற மீன்களில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

ஏஞ்சல் மீன் வேண்டுமென்றால் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். துடுப்புகளோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சாண் உயரம் வரும் மீன் அது. 45 செ.மீ. உயரமும் 200 லிட்டரும் இல்லாமல் வளர்க்க வேண்டாம். வளர்ந்த ஏஞ்சலுக்கு கூட்டமாக நீந்தும் சின்னஞ்சிறு நியான் டெட்ரா ஒரு வாய் இரைதான். குஞ்சிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் தின்னாது என்பார்கள். பல மாதம் அமைதியாக இருந்துவிட்டு, பிறகு இரவுகளில் ஒவ்வொன்றாகக் குறையும். ரம்மிநோஸ் டெட்ரா நல்ல துணை: கொஞ்சம் பெரிது, வேகமானது, 27 டிகிரியும் தாங்கும். செர்பே டெட்ரா மட்டும் கூடவே கூடாது, ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறிவிடும்.

120 லிட்டர் தொட்டியென்றால் உண்மையான போட்டி புளூ, பொலிவியன் என்ற இரண்டு ரேம்களுக்கு இடையேதான். புளூ ரேமின் நிறத்துக்கு ஈடில்லை. ஆனால் அதற்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும், மென்மையான (உப்புகள் குறைந்த), சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். புதிதாக வைத்த தொட்டியில் 25 டிகிரியில் விட்டால் சில நாளில் நிறம் கறுக்கும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும், தீனியைத் துப்பும். மருந்து தேடுவதற்கு முன் ஹீட்டரையும் நீரையும் பாருங்கள். பொலிவியன் ரேம் அவ்வளவு பளபளப்பில்லை. ஆனால் 24 முதல் 26 டிகிரியில் நிம்மதியாக இருக்கும், நடுநிலை pH-ஐயும் (அமிலமும் காரமும் இல்லாத நீரையும்) ஏற்கும், அடித்தள மணலை வாயில் அள்ளிச் சலித்தபடியே இருக்கும். தொட்டி வளர்ப்புக்குப் புதியவர்களுக்குப் பொலிவியன்தான் என் தேர்வு.

ரேம் போன்ற இன்னொரு சிறு மீனான அபிஸ்டோ ககடுவாய்டிஸ் மூன்றாவது வழி. ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் குகை. முட்டையிட்ட பெண் மஞ்சளாக மாறி, அருகே வரும் கோரிகளை விடாமல் விரட்டும். 90 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் கோரிகளுக்கு ஒதுங்க இடமிருக்காது.

கூட்ட மீனை இந்த முடிவுதான் தேர்ந்தெடுக்கும். நியான் 22 முதல் 25 டிகிரி மீன். 29 டிகிரியில் மூச்சு வாங்கும், மெலியும், ஆயுள் குறையும். ஆகவே நியானைப் பொலிவியனோடு விடுங்கள். புளூ ரேமோடு சேர வேண்டியது ரியோ நீக்ரோ ஆற்றின் கார்டினல் டெட்ரா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நியானின் சிவப்புப் பட்டை நடுவயிற்றில் தொடங்கி வாலுக்குப் போகும், கார்டினலுக்குத் தலையிலிருந்தே ஓடும். எதுவானாலும் 12-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

தரையிலும் அதே விதி. சூடான தொட்டிக்கு ஸ்டெர்பாய் கோரி, மிதமானதற்கு வெண்கலக் கோரி, ஆறு முதல் எட்டு. கூரான சரளைக் கல்லில் அவற்றின் மீசை தேய்ந்து புண்ணாகும். மெல்லிய மணலே போடுங்கள். பாசியைத் தின்னும் என்று சாதாரண பிளெக்கோ கெளுத்தியை வாங்காதீர்கள், ஓரடியைத் தாண்டி வளரும். 12 செ.மீ. அளவில் நின்றுவிடும் பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ ஒன்று போதும்.

விடும் வரிசையிலும் கவனம் வேண்டும். எல்லா மீனையும் மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். நியான் நோய் வந்தால் தசை திட்டுத்திட்டாக வெளுக்கும், அதற்கு மருந்து இல்லை, அந்த மீனை உடனே பிரித்துவிட வேண்டும். முதலில் கோரி, அடுத்து டெட்ரா. ரேமோ அபிஸ்டோவோ கடைசியில் வரட்டும்; முன்பே வந்தால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு பின்னால் வருவதையெல்லாம் விரட்டும். புளூ ரேமுக்கு இன்னும் பொறுமை வேண்டும்: தொட்டி ஓடத் தொடங்கி இரண்டு, மூன்று மாதம் கழித்தே விடுங்கள். அதற்குப் பிறகும் வாரம் 30 சதவீத நீரை, தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து மாற்றுங்கள்.