கடலூர் நெல்லுக்கு ஓப்பன்எல்சிஏ: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு கிலோ நெல் களத்துக்கு வருவதற்குள் விதை, யூரியா, டீசல், மின்சாரம், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் என்று சுற்றுச்சூழல் மேல் விழும் சுமை முழுவதையும் கணக்கிடுவதுதான் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இதற்கு நான் பயன்படுத்துவது ஜெர்மனியின் கிரீன்டெல்டா நிறுவனம் இலவசமாகத் தரும் ஓப்பன்எல்சிஏ மென்பொருள். நம்மூர் நெல்லுக்கு இது சரிப்படுமா என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சரிப்படும். ஆனால் அதோடு வரும் எண்களை அப்படியே நம்பக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அலகுகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பது. பரப்பளவில் ‘காணி’ என்று ஒன்றைச் சேர்த்து 5,351 சதுர மீட்டர் என்று கொடுத்துவிட்டேன். ‘காணிக்கு மூணு மூட்டை யூரியா’ என்று விவசாயி சொன்னால் மூட்டைக்கு 45 கிலோ வீதம் நேரே பதிந்துவிடுவேன்.

மென்பொருள் இலவசம் என்றாலும் தரவு எல்லாம் இலவசமில்லை. உரம், டீசல், மின்சாரம் போன்றவற்றைத் தயாரிப்பதில் விழும் சுமைக்கான எண்கள் கொண்ட ஈகோஇன்வென்ட் தரவுத்தளத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிரான்சின் அக்ரிபாலிஸ் என்ற விவசாயத் தரவுத்தளம் சும்மா கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதிலுள்ள மின்சாரத்தை மட்டும் மாற்றியே ஆக வேண்டும். பிரான்சில் பெரும்பகுதி அணுமின்சாரம். நமக்குப் பக்கத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பல மோட்டார்களுக்கு மீட்டரும் கிடையாது. 7.5 ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் குறைந்தது 5.6 யூனிட் என்று வைத்து, ஓடிய மணி நேரத்தை விவசாயியிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

மீத்தேன்தான் பெரிய விஷயம். தண்ணீர் தேங்கிய வயலில் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ மீத்தேன் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2006-இல் கொடுத்த பொது எண். 2019 திருத்தத்தில் தெற்காசியாவுக்குத் தனியாக 0.85 வந்தது. 110 நாள் தண்ணீர் நின்ற வயலுக்கு முதல் எண்ணில் 143 கிலோ, இரண்டாவதில் 93.5 கிலோ. மீத்தேனை 27 மடங்கு கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் வித்தியாசம் ஹெக்டேருக்கு 1,300 கிலோவைத் தாண்டுகிறது! வயல் அதேதான், மாறியது ஒரு எண். எந்த ஆண்டு எண் என்று சொல்லாத அறிக்கையை நான் இப்போதெல்லாம் ஏற்பதில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பலமுறை வடித்து விட்டால் அதே திருத்தத்தின்படி மீத்தேன் 0.55 மடங்காகக் குறையும். குறிஞ்சிப்பாடி பக்கம் போர்வெல் தண்ணீரில் நவரை போடுபவர்களுக்கு இது கைகூடும். மோட்டார் ஓடும் நேரமும் குறையும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சம்பா வேறு கதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகாலே நிரம்பி நிற்கும்போது வயலை எங்கே வடிப்பது? அங்கேயும் 0.55 போட்டுக் கணக்கு காட்டுவது அந்த விவசாயிக்குச் செய்யும் அநியாயம். மடை திறந்த நாள், வயல் காய்ந்த நாள் என்று ஒரு நோட்டில் குறித்து வாங்கிய பிறகே நான் இந்த எண்ணைத் தொடுகிறேன்.

வைக்கோலையும் விடக் கூடாது. சுமையை நெல்லுக்கும் வைக்கோலுக்கும் எடைப்படி பிரிப்பதா, விலைப்படி பிரிப்பதா என்று மென்பொருள் கேட்கும். விலைப்படி என்றால், கட்டு விலை ஏறிய வருடம் நெல்லின் சுமை தானாகக் குறைந்து தெரியும். நான் இரண்டையும் ஓட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். அதேபோல இயற்கை விவசாய நெல்லை ஏக்கருக்கும் பார்க்க வேண்டும், கிலோவுக்கும் பார்க்க வேண்டும். மகசூல் குறைந்த வயலில் இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொல்வதில்லை.

அப்புறம், பெரிய தரவுத்தளத்தை ஏற்றும் முன் அமைப்புகளில் நினைவக அளவைக் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கணக்கு பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் ‘ஜோல்கா’ (.zolca) என்ற இந்த மென்பொருளின் கோப்பாக ஒரு நகல் எடுத்து வைத்தால், புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய கணக்கு கைவிட்டுப் போகாது.