சிஎஸ் 2, பழைய கோ, வேலரண்ட்: எதை இறக்குவது?

மூன்றும் ஐந்துக்கு ஐந்து பேர் அணியாக மோதும் கணினித் துப்பாக்கி விளையாட்டுகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஓரிரு இரவாவது தவறாமல் கூடுகிற ஐந்து பேர் கைவசம் இருந்தால் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, அதாவது சிஎஸ் 2. வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தனியாக ஓர் ஆட்டம் போட உட்காருபவர் என்றால் வேலரண்ட். அதற்கு முந்தைய பதிப்பான பழைய சிஎஸ் கோ (சுருக்கமாகக் கோ) இன்னும் களத்தில் இருந்திருந்தால் இரண்டையும் தள்ளிவிட்டு அதையே சொல்லியிருப்பேன். ஆனால் 2012-இல் வந்த அந்த ஆட்டத்தை வால்வ் நிறுவனம் 2023 செப்டம்பர் 27 அன்று அப்படியே எடுத்துவிட்டு, அதே இடத்தில் சிஎஸ் 2-ஐ வைத்துவிட்டது. கேட்டா செய்தார்கள்? அப்டேட் ஓடி முடிந்தது, ஆட்டம் மாறியிருந்தது.

நான் சிங்கப்பூரின் சிலிகி ரோடு பார்க்லேன் காலத்து ஆள். பள்ளிச் சீருடையோடு லேன் கடையில் (பலர் சேர்ந்து கணினியில் விளையாடும் கடை) கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடி, பிறகு வீட்டில் கோ ஆடி, நடுவில் சில வருடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் சிஎஸ் 2-ஐ நிதானமாக ஆடிப் பார்க்கிறேன். வேலரண்ட் என் வீட்டுக்குள் வந்தது அக்கா மகன் வழியாக. ஆகவே இது ஒரு பழைய கையின் முதல் பார்வை.

சிஎஸ் 2-இல் முதலில் கண்ணில் படுவது புகைதான். கோ-வில் ஸ்மோக் (புகைக் குண்டு) என்பது ஒரு சாம்பல் படுதா. விழுந்த இடத்தில் நிற்கும், நேரம் முடிந்ததும் கரையும், சுட்டாலும் அசையாது. சிஎஸ் 2-இல் அது இடத்தை நிரப்புகிறது. குறுகலான வழியில் எறிந்தால் நீளவாக்கில் ஓடுகிறது, படிக்கட்டில் விழுந்தால் கீழே வழிகிறது. ஆடும் பத்துப் பேருக்கும் ஒரே வடிவில் தெரிகிறது. துப்பாக்கிக் குண்டு பாய்ந்தால் கோடு கோடாகக் கிழிகிறது. நேட் (கைக்குண்டு) வெடித்தால் நடுவில் பெரிய ஓட்டை விழுந்து, கண் சிமிட்டி முடிப்பதற்குள் மூடிக்கொள்கிறது.

இது வெறும் அழகு இல்லை. மிராஜ் என்ற மேப்பை (ஆட்டக் களம்) எடுத்துக்கொள்வோம். டி (தாக்கும்) பக்கம் ஆடுபவர்கள் மிட் (களத்தின் நடு) ஜன்னலை ஸ்மோக்கால் அடைத்துவிட்டுத்தான் முன்னேறுவார்கள். ஸ்பானில் (சுற்று தொடங்கும் இடம்) நின்றபடியே எறிய வசதியான இடம் எல்லோருக்கும் மனப்பாடம். கோ-வில் ஜன்னலை அடைத்தால், அங்கே ஆவ்ப் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியோடு நிற்கும் சிடி (காக்கும் பக்கத்து) ஆளுக்கு எதுவும் தெரியாது, இடத்தை மாற்றியாக வேண்டும். சிஎஸ் 2-இல் அவன் தன் 300 டாலர் நேட்டை அந்தப் புகைக்குள்ளேயே போடுகிறான். ஓட்டை திறக்கிறது, மிட்டில் பாதுகாப்பாக நடப்பதாக நினைத்துக்கொண்டு வந்தவன் விழுகிறான், ஓட்டை மூடுகிறது. எனக்கு இப்படித்தான் நடந்தது. திட்டிக்கொண்டே ரசித்தேன். ‘நீ நேட் வைத்துக்கொள், நான் ஆவ்ப் எடுக்கிறேன்’ என்று இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டால் இதை ஒரு சுற்றுக்குள்ளேயே தந்திரமாக்கலாம். பேசிவைக்க ஆள் இல்லையென்றால், இந்தப் புகை உங்களுக்கு எதிராக மட்டுமே வேலை செய்யும்.

வேலரண்ட் இந்த விஷயத்தில் நேர் எதிர். அங்கே புகை ஒரு ஏஜெண்டின் (நாம் ஆடும் பாத்திரம்) திறன். பிரிம்ஸ்டோன் என்ற ஏஜெண்ட் வரைபடத்தைத் திறந்து, இடத்தைத் தொட்டால் வானத்திலிருந்து இறங்குகிறது. ஓமன் எங்கோ மூலையில் நின்றுகொண்டு உருண்டை உருண்டையாக அனுப்புகிறான். குண்டு பட்டாலும் அது கலையாது. மிராஜ் ஜன்னலுக்கு எறியும் இடத்தை அக்கா மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். “மாமா, இதெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா? எனக்கு ஏற்கெனவே ஓ லெவல் பரீட்சை இருக்கு” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வேலரண்டின் சோவா என்ற ஏஜெண்டின் அம்புக்கு அவனும் கோணம் கோணமாகப் பாடம் படித்திருக்கிறான் என்பது வேறு கதை.

துப்பாக்கிக்கு வருவோம். ஏகே இன்னும் அதே ஏகேதான்: 2700 டாலர், ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலையில் ஒன்று பட்டால் ஆள் காலி. அதன் உதைப்பு ஒரே பாதையில்தான் போகும், கை அதைக் கற்றுக்கொண்டால் வருடங்கள் கழித்தும் மறப்பதில்லை. வேலரண்டின் வேண்டல் 2900, அதுவும் தலைக்கு ஒன்று போதும். ஆனால் நீளமாக அழுத்திப் பிடித்தால் குண்டு இடமா வலமா என்பது கொஞ்சம் அதிர்ஷ்டம். அதனால் அங்கே இரண்டு மூன்று குண்டுகளாகத் தட்டுவதே பழக்கமாகிறது. சுடும் சுகம் என்று பார்த்தால் எனக்குச் சிஎஸ்தான், இதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் கோ-வைவிட சிஎஸ் 2 எல்லா வகையிலும் மேலா? இல்லை. பெரிய புகார் சர்வர் பற்றியது. கோ-வில் வால்வ் சர்வர் ஆட்டத்தின் நிலையை நொடிக்கு 64 முறை கணக்கெடுத்தது. வேலரண்டில் ரயட் நிறுவனம் முதல் நாளிலிருந்தே 128 கொடுத்தது. சிஎஸ் 2 அந்த எண்ணை ஏற்றாமல் சப்-டிக் என்று வேறு வழியில் போனது: இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே நீங்கள் எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதையும் சேர்த்து சர்வருக்கு அனுப்புகிறது. காகிதத்தில் பிரமாதம். நடைமுறையில், சுவருக்குப் பின்னால் முழுசாக ஒதுங்கிவிட்டேன் என்று நினைத்த பிறகும் சாகிறோம். நம் ஊரில் சர்வரே சிங்கப்பூரில்தான் இருக்கிறது, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஃபைபரில் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. அப்படியிருந்தும் இந்த உறுத்தல் போவதில்லை. எதிராளி மணிலாவிலிருந்தோ சுராபாயாவிலிருந்தோ வருகிறான், அவன் பிங்கையும் சேர்த்துத்தானே ஆட்டம்!

வெளியிட்ட அன்று சிஎஸ் 2 அரைகுறையாகவே வந்தது. ஆர்ம்ஸ் ரேஸ் என்ற ஆட்ட வகை இல்லை, 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது. டேஞ்சர் ஸோன் என்ற இன்னொரு வகை போனது போனதுதான். துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றும் வசதியைக்கூட எடுத்துவிட்டார்கள். நான் வலக்கைக்காரன், ஆனாலும் சில மூலைகளில் இடக்கையில் வைத்தால்தான் துப்பாக்கி பார்வையை மறைக்காது. 2024 ஏப்ரலில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு விசையில் மாற்றும்படி செய்தார்கள், அது கோ-வில் இருந்ததைவிட நல்ல ஏற்பாடு.

நேரக் கணக்கும் மாறியிருக்கிறது. கோ-வில் 16 சுற்று வெல்ல வேண்டும், ஒரு ஆட்டம் இரவையே விழுங்கும். சிஎஸ் 2-இல் 13, வேலரண்டிலும் 13. குடும்பஸ்தனுக்கு இது வரம். ஆனால் கைத்துப்பாக்கியோடு தொடங்கும் பிஸ்டல் சுற்றில் தோற்றால் மீண்டு வர முன்போல அவகாசம் இல்லை. வாங்கிய துப்பாக்கியை நேரம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது சின்ன மாற்றம்தான், ஆனால் அவசரத்தில் தப்பாக அழுத்தி சண்டை வந்த நாள்கள் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இனி தனியாக ஆடுபவரின் பாடு. இங்கேதான் வேலரண்ட் ஜெயிக்கிறது. அதன் வேன்கார்ட், ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கக் கணினி திறக்கும்போதே இயங்குதளத்தின் அடியாழத்தில் உட்கார்ந்துகொள்ளும் காவல். என் கணினியில் ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு உரிமை கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அதன் பலன் ஆட்டத்தில் தெரிகிறது. சிஎஸ் 2-இன் பிரீமியர் என்ற தரவரிசை ஆட்டத்தில் ரேட்டிங் ஏற ஏற, எதிரில் ஒருவன் சுவர் வழியாகவே பார்க்கிறானோ என்ற சந்தேகம் கூட வருகிறது. அந்தச் சந்தேகம் பாதி நேரம் பொய்யாகவே இருக்கலாம், ஆனால் ஆட்டத்தைக் கெடுக்க அதுவே போதும். வேலரண்டில் தோற்றால் நாம் மோசமாக ஆடினோம் என்று ஏற்றுக்கொள்ள முடிகிறது. அணியில் தகாலோக், பஹாசா, சிங்கிலிஷ் என்று மூன்றும் கலந்து ஒலித்தாலும், வரைபடத்தில் குறி வைத்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

ஆட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கும் இங்கே வேலரண்டில்தான் சொந்தம் கொண்டாட ஓர் அணி இருக்கிறது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பேப்பர் ரெக்ஸ் 2023 சாம்பியன்ஸ் போட்டியில் இறுதிவரை போய்த் தோற்றது, 2025-இல் டொராண்டோ மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது. அந்த அமைப்பே ஒரு காலத்தில் கோ அணி வைத்திருந்தது என்பதைச் சொன்னால் அக்கா மகன் நம்ப மறுக்கிறான். சிஎஸ் பக்கம், 2024-இல் பிளாஸ்ட் பிரீமியர் உலக இறுதிச் சுற்று இங்கேயே நடந்து ஜி2 என்ற அணி கோப்பையைத் தூக்கியது. நம் பங்கு கைதட்டியது மட்டும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாக. இரண்டும் இலவசம், ஆனால் சிஎஸ் 2-இல் பிரைம் என்ற கட்டணத் தகுதியை வாங்காமல் தரவரிசை ஆட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். வேலரண்ட் ஸ்கின் (துப்பாக்கிக்குப் போடும் அலங்கார உறை) வாங்கினால் காசு போனது போனதுதான், விற்க முடியாது. சிஎஸ் 2 ஸ்கினை விற்கலாம், அதுதான் அதன் ஆபத்தும். 2025 அக்டோபரில் ஐந்து சிவப்பு (அரிய வகை) ஸ்கின்களைக் கொடுத்துக் கத்தி வாங்கலாம் என்று வால்வ் ஒரே அப்டேட்டில் சொன்னதும் கத்திகளின் விலை சரிந்தது. அதை முதலீடு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இப்போது வேறு பேச்சு பேசுகிறார்கள். பிள்ளைக்குக் காசு கொடுக்கும் பெற்றோர் இதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்: என்ன ஸ்கின் வரும் என்று தெரியாமல் பெட்டி திறப்பது சூதாட்டத்தின் தங்கை.

கடைசியாக, கணினி. பழைய லேப்டாப் என்றால் வேலரண்ட் மூச்சு வாங்காமல் ஓடும், சிஎஸ் 2 கோ-வைவிட நன்றாகவே கனம். விண்டோஸ் 11-இல் வேலரண்டுக்கு டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையும் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே விடாது. மேக் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே இல்லை. கோ மேக்கில் ஓடிக்கொண்டிருந்தது, சிஎஸ் 2 வந்தபோது அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். எங்கள் ஐவரில் ஒருவன் மேக்காரன். அவனுக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் பிசி தேடி இந்தச் சனிக்கிழமை சிம் லிம் கணினிக் கடைகளுக்குப் போகிறோம்.