சோழர் சிலைக்கும் கோயிலுக்கும் படம் தேடுகிறீர்களா? எந்தக் களஞ்சியம் எதற்கு ஆகும்

கூகுளில் தேடி, வந்ததில் பளிச்சென்று இருப்பதை எடுத்து ஒட்டிவிடுவதுதான் பலரும் செய்வது. முகநூல் பதிவுக்கு அது போதும். ஆய்வேட்டில் படம் சாட்சியாக நிற்க வேண்டும். எந்த ஊர், எந்தச் சுவர், எந்த ஆண்டு என்று சொல்லத் தெரியாத சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் எந்தக் களஞ்சியத்தையும் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எடைபோடுகிறேன், பிக்சல் கணக்கெல்லாம் அப்புறம்.

தெளிவு மட்டும்தான் வேண்டும் என்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தையும் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தையும் அடித்துக்கொள்ள ஆளில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்த கலைப்பொருள்களின் படங்களை மெட் (மெட்ரோபாலிட்டனின் சுருக்கப் பெயர்) 2017 பிப்ரவரியிலும் கிளீவ்லாந்து 2019 ஜனவரியிலும் எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 உரிமத்தில் திறந்துவிட்டன. அனுமதி கேட்க வேண்டாம், காசு கட்ட வேண்டாம், புத்தக அட்டையிலேயே போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் சோழர் கால நடராசர் உண்டு. உற்சவரைப் பட்டும் மாலையுமாகப் பார்த்தே பழகிய நமக்கு, அலங்காரம் இல்லாமல் சடையும் விரலும் வரை பெரிதாக்கிப் பார்ப்பது தனி அனுபவம்தான். ஆனால் மெட் நடராசரின் இணையப் பக்கத்தில் ஊர் என்று போட்டிருப்பது ‘தமிழ்நாடு’. தமிழ்நாட்டில் எங்கே, எந்தக் கோயில்? சிலையின் பாணியை அலச இந்தப் படம் பிரமாதம், ஒரு கோயிலின் வரலாற்றை எழுத உதவாது.

இதற்கு நேர் எதிர் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பு. 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அழகுக்காக எடுத்தவை அல்ல, சில படங்களில் வெளிச்சம்கூடச் சரியிருக்காது. ஆனால் இன்ன ஊர், இன்ன கோயில், இன்ன திருமேனி என்ற பதிவு இருக்கிறது, அதன் பலம் என்ன என்பது சிலைத் திருட்டு வழக்குகளில் தெரிந்துபோனது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தச் சிலை கோயிலில் இருந்ததுதான் என்று காட்ட உதவியவை இந்தப் பழைய படங்கள். 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது, கூடவே நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வாங்கியிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும். இன்னொரு பயனும் உண்டு: திருப்பணி என்ற பெயரில் மணல் வீசித் தேய்ப்பதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் முன்னால் கல் எப்படி இருந்தது என்பதை இன்றைய எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. ஒரே சங்கடம், எல்லாம் ஒரு கிளிக்கில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, எழுதிக் கேட்கவோ நேரில் போகவோ வேண்டியிருக்கும்.

கட்டடக்கலை உங்கள் துறை என்றால் குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தொகுப்பைத்தான் முதலில் பாருங்கள். அதிட்டானம் (அடித்தளம்), தேவகோட்டம் (சுவரில் சிலை வைக்கும் மாடம்), விமானத் தளம் (கருவறைக் கோபுரத்தின் அடுக்கு) என்று உறுப்பு உறுப்பாக, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்பது முதற்கொண்டு குறித்திருப்பார்கள், தரைப்பட வரைவுகளும் உண்டு. இணையத்தில் பார்க்கக் கிடைப்பது அடையாளம் காணப் போதும், அச்சுக்கு ஆகாது.

யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம் என்பதால் விக்கிமீடியா காமன்ஸ் தளம் பற்றிப் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், அது பாதி நியாயம்தான். படம் எடுத்த தேதியும் பல நேரம் புவி ஆயத்தொலைவும் (எடுத்த இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) அங்கே கிடைக்கின்றன. பெரிய நிறுவனம் எட்டிப் பார்க்காத சிற்றூர்க் கோயிலை அந்த ஊர்ப் பையன் ஒருவன் நாலு பக்கமும் சுற்றி எடுத்துப் போட்டிருப்பான். ஆனால் ஆயத்தொலைவையே நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தாராசுரத்து கஜசம்ஹாரமூர்த்தி இன்று இருப்பது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், படத்தின் இடக்குறி தஞ்சாவூர் என்றுதான் காட்டும். எடுத்தவர் பெயரைப் போடச் சொல்லும் உரிமங்களே அங்கே அதிகம், அதை மறக்காமல் போடுங்கள்.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் வகுப்பில் காட்ட நன்றாக இருக்கிறது. ஆனால் டவுன்லோட் பொத்தானைத் தேடி அலுத்துப்போவீர்கள். கலைப் படங்களுக்கான ஆர்ட்ஸ்டோர் 2024 ஆகஸ்டிலிருந்து தனித் தளமாக இல்லை, ஆய்விதழ்த் தளமான ஜேஸ்டோருக்குள் போய்விட்டது, உங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தால்தான் முழுப் பயன். பிரிட்டிஷ் நூலகத்தில் அந்தக் காலப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த தஞ்சை, மதுரைப் படங்கள் இருக்கின்றன, பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய நீளப் படம் ஒன்றே போதும், அந்த ஆளின் பொறுமைக்கு. ஆனால் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் தளம் முடங்கியதில் பழைய சுட்டிகள் பல செத்துப்போயின. எங்கே எடுத்தாலும் சரி, சுட்டியோடு சேர்க்கை எண்ணையும் (அந்த நிறுவனம் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் பதிவு எண்) குறித்துக்கொள்ளுங்கள், சுட்டி போனாலும் எண்ணை வைத்துத் தேடிவிடலாம்.

சேர்த்ததை எங்கே வைப்பது? சொட்டேரோவா டிராப்பியா, எந்த மென்பொருள் என்று கேட்கிறார்கள். இரண்டும் இலவசம். நூல், பிடிஎஃப், அடிக்குறிப்பு என்றால் சொட்டேரோ. படங்களுக்கு நான் டிராப்பி பக்கம்தான்: ஒரே சிலையின் பத்துப் படங்களை ஒரு உருப்படியாகக் கட்டலாம், படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறிப்பு எழுதலாம், புலங்களையும் (விவரம் நிரப்பும் கட்டங்களை) நாமே வகுக்கலாம். தமிழிலேயே ‘கோயில்’, ‘திசை’, ‘படம் எடுத்த நாள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில்களுக்குக் ‘கடைசிக் குடமுழுக்கு’ என்று ஒரு புலமும் சேர்த்துவிடுங்கள், இரண்டு படங்களில் ஒரே சுவர் வேறு வேறாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.