ஆஃப் ஆகும் தராசும் பாதியாகும் றாலும்: சமையலறை எடை மெஷின், நாள்பட்ட அனுபவம்

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று தேவிபட்டினத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டத் தட்டு, பத்துக் கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும், இரண்டு பென்சில் பேட்டரி, மூன்று பட்டன். ஒரே உடம்பில் ஆளுக்கொரு பெயரை ஒட்டி விற்கிறார்களே, அதே மெஷின்தான். அதனால் அங்க அடையாளம் இவ்வளவு போதும்.

கேக் செய்கிறவர்களுக்கும் உடம்பைக் குறைக்கிறவர்களுக்கும் என்று இதை விளம்பரம் செய்கிறார்கள். கடலோர வீட்டில் இதற்கு வேறு வேலை இருக்கிறது. மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, 2023-24க்குக் கிராமப்புறத்தில் தலைக்கு மாதம் 4,122 ரூபாய் என்கிறது. அதில் 47 சதவீதம் வாய்க்கே போகிறது. நாலு பேர் உள்ள வீடென்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய், டீக்கடையும் பார்சலும் சேர்த்து. இது அகில இந்தியச் சராசரி. இலவசமாகக் கிடைப்பதன் மதிப்பு இதில் சேரவில்லை. நம்ம ஊரில் ரேஷன் அரிசிக்குக் காசில்லை, துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சீனி கிலோ 25. பலசரக்குச் சீட்டைப் போன மாதச் சீட்டோடு ஒட்டிப் பார்த்தாலே அந்தப் பக்கத்துக் கணக்கு பிடிபட்டுவிடும். பிடிபடாமல் ஆட்டம் காட்டுவது மீன்தான். இந்த மெஷின் சம்பாதித்துக் கொடுப்பதும் அங்கேதான்.

கரையில் எல்லா மீனும் கிலோவில் விற்பதில்லை. சூடை, காரல், நெத்திலி எல்லாம் கூறு. தார்ப்பாயில் குவித்துவைத்து "கூறு நூறு" என்பார்கள். அது கொள்ளையா கொடையா என்று கண்ணால் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்து ஆத்தாமார்கள். மற்றவர்களுக்குத் தராசு வேண்டும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். பையோடு தூக்கி வைக்காதீர்கள். ஓட்டைக் கூடையில் கொட்டி ஐந்து நிமிடம் ஐஸ் தண்ணீரை வடியவிடுங்கள். பிறகு முதல் எடை. ஆய்ந்து, கழுவி, திரும்ப ஐந்து நிமிடம் வடியவிட்டு இரண்டாவது எடை. கொடுத்த காசை இரண்டாவது எடையால் வகுத்தால் சட்டிக்குள் போவதன் விலை வரும். கடைக்காரர் சொல்லும் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

கணக்குக்காக எல்லாமே கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர றால், தலையும் ஓடும் முதுகு நரம்பும் போனால் பாதிக்குப் பாதிதான் தேறும், ஆகச் சட்டிக்குள் கிலோ 800. பொடி றால் இன்னும் மோசம். ஊசிக்கணவாயில் மைப்பையும் உள்ளிருக்கும் கண்ணாடி முள்ளும் தோலும் போக 700 கிராம் பக்கம் நிற்கும், 570 ரூபாய். நண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஓட்டை உடைத்து உறிஞ்சித் தின்ன சதை கிலோவுக்குக் கால் கிலோ என்றால் அதன் விலை 1,600. ருசிக்காக வாங்குங்கள், மலிவு என்று வாங்காதீர்கள். சூடைக் கூறு 900 கிராம் இருந்தால், தலையும் குடலும் செதிலும் போய் 600 கிராம் மிஞ்சும். நூறு ரூபாய்க் கூறு என்றால் சட்டி விலை கிலோ 167. அதில் பொடி முள் வேறு வெந்ததும் மெத்தென்று ஆகிவிடும், தட்டில் ஒதுக்க ஒன்றும் இருக்காது. பெரிய மீன் துண்டைக் கௌரவத்துக்கு வாங்கும் வீடுகளில் இந்த வகுத்தலை ஒரு முறை செய்து காட்டினாலே வாரப் பட்டியல் மாறிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் இந்தக் கணக்கு இன்னும் உதவும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், வீடுகள் கோழிக்குத் தாவும். ஒரு கடை உயிர் எடைக்கு விலை சொல்லும், அடுத்த கடை உரித்த எடைக்குச் சொல்லும். உயிரோடு 2 கிலோ நிற்கும் கோழி தோலும் குடலும் போனால் 1.3 கிலோ அளவில்தான் பைக்குள் வரும். உயிர் எடைக்கு 130 ரூபாய் என்பதும் உரித்த எடைக்கு 200 என்பதும் ஒரே விலைதான். மலிவுக் கடை என்று நினைத்து அரை மைல் நடக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல சாமானை ஏன் சுவரில் அடிக்கத் தோன்றுகிறது என்றால், இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் அது தானாக அணைந்துவிடும்.

மீன் ஆய்வது இரண்டு நிமிட வேலையா? கிண்ணத்தை வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, அரிவாள்மனையில் ஆய்ந்து ஆய்ந்து துண்டுகளைப் போட்டுக்கொண்டே வருவோம். குடலை வாருவதற்குள் திரை செத்துவிடும். திரும்ப ஆன் செய்தால் தட்டில் இருக்கும் கிண்ணம், மீன் எல்லாவற்றையும் சேர்த்துப் பூஜ்யம் என்று காட்டும். அதுவரை போட்டது கணக்கிலேயே இல்லை. சரி, அணையாமல் இருக்க அடிக்கடி தட்டலாம் என்றால், செதிலும் வழுவழுப்புமான விரல் பக்கத்தில் இருக்கும் யூனிட் பட்டனில் படும். கிராம் அவுன்ஸாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் அவுன்ஸில் மீன் வாங்குகிறவர் யார் என்று இதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். பட்டன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளின் ஓரம் நாளாக ஆகத் தூக்கிக்கொள்ளும். அதன்வழியே மீன் தண்ணீர் உள்ளே இறங்கினால், பிறகு எந்தப் பட்டனும் நினைத்தபோதுதான் கேட்கும்.

பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். இரண்டு பென்சில் பேட்டரி என்ன விலை? பத்து நிமிடம் கொடுத்திருந்தால் குடியா முழுகிவிடும்? பக்கவாட்டில் ஒரு சாதாரண சுவிட்ச் வைத்திருந்தால் இந்தப் புலம்பலுக்கே வேலை இருந்திருக்காது.

சுற்றுவழி ஒன்று உண்டு. டேர் பட்டனை மறந்துவிடுங்கள். அடிக்கடி புழங்கும் இரண்டு மூன்று கிண்ணங்களின் வெறும் எடையை, காய்ந்தபின் போட்டு, அடியில் அழியாத மார்க்கரால் எழுதிவையுங்கள். எவர்சில்வர் என்றால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து எண்ணை வெட்டிக்கொள்ளலாம், தேய்த்தாலும் போகாது. ஆய்ந்து முடியும்வரை மெஷினைத் தொடவே வேண்டாம். கடைசியில் தட்டு காலியாக இருக்கும்போது ஆன் செய்து, பூஜ்யம் வந்தபின் கிண்ணத்தை வைத்து, எழுதிய எண்ணைக் கழியுங்கள். வரிசை மாறக் கூடாது, கிண்ணத்தை வைத்துவிட்டு ஆன் செய்தால் திரும்ப முதலிலிருந்துதான்.

இன்னொரு தந்திரம் இதற்குத் தெரியும், சின்ன எடையை விழுங்குவது. ஏலக்காயையோ கிராம்பையோ ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டால் ஒன்றுமே ஏறாது. பூஜ்யத்தை ஒட்டி மெதுவாக வரும் மாற்றத்தைச் சூட்டினாலும் ஈரத்தாலும் வந்த நகர்வு என்று எடுத்துக்கொண்டு உள்ளேயே சரிக்கட்டிவிடும். இதற்கு டப்பாவையே தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கி, வேண்டியதை ஒரே கையாக வெளியே எடுங்கள். கழித்தல் குறியோடு வரும் எண்தான் எடுத்த அளவு.

மீனுக்கு அடுத்தபடி இது கை கொடுப்பது மிளகாயில். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முண்டு மிளகாயை வருஷத்துக்கும் சேர்த்து வாங்குகிற வீடுகள் இன்னும் உண்டு. வாங்கியபோது ஒரு எடை, காம்பு கிள்ளி நன்றாகக் காயவைத்தபின் ஒரு எடை. இரண்டுக்கும் வித்தியாசம் கணிசமாக இருந்தால் ஈரத்துக்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள். மில்லுக்குக் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் போட்டுப் பாருங்கள். அரைக்கும் மெஷினில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் போவது இயல்பு. கருவாட்டுக்கும் இதே முறைதான், வாங்கி இரண்டு வெயில் காட்டி எடை போட்டால் ஈரக் கருவாட்டின் யோக்கியதை தெரிந்துவிடும். கருப்பட்டியை ஓலைக் கொட்டானோடு நிறுத்திருந்தால் கொட்டானைத் தனியாக நிறுத்துக் கழிக்கவும். எண்ணெய் பாக்கெட்டை லிட்டரை நம்பி வாங்காமல் கிராமைப் பாருங்கள், கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம் பக்கம் இருக்க வேண்டும். முழு லிட்டர் மாதிரியே தோற்றம் காட்டிக்கொண்டு 800, 850 என்று சின்ன எழுத்தில் அச்சிட்டவையும் அதே அலமாரியில்தான் நிற்கும்.

கடற்கரையில் இது எப்படிச் சாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சாவு பேட்டரி ஸ்பிரிங்கில். உப்புக்காற்றில் முலாம் போய் பச்சையோ வெள்ளையோ பூத்துவிடும், புது பேட்டரி போட்டாலும் "லோ" என்று காட்டும். எறிந்துவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் உலர்ந்தபடியே தேய்த்து, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு முழுசாகக் காயவிடுவது. கறுப்பு நிற்கும் இடத்தில் நைஸ் உப்புத்தாளை ஒரு இழுப்பு. கடைசியில் விரல் நுனியில் வேசலின், மெல்லிசாக. ஸ்பிரிங் முறிந்திருந்தால் பழைய டிவி ரிமோட்டில் இருப்பது அநேகமாகப் பொருந்தும். மெஷின் வாரக்கணக்கில் சும்மா இருக்கப்போகிறது என்றால் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது.

இரண்டாவது மணல். உள்ளே ஒரு அலுமினியக் கட்டை இருக்கிறது, லோடு செல் என்பது அதைத்தான். மேலே பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பித் தகடு அந்த வளைவை மின்சார மாற்றமாக்கும். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் பொடி மணலோ காய்ந்த செதிலோ சிக்கினால் கட்டை முழுசாக வளைய முடியாது, எடை குறைவாகக் காட்டும். அரைக் கிலோவைத் தட்டின் நாலு ஓரத்திலும் மாற்றி வைத்துப் பார்த்தால் ஆளுக்கொரு எண் வரும், எடுத்தபின் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கவிழ்த்துத் தட்டி, பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்கைக் கூட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காயைத் தட்டின்மேல் தவறிப் போட்டுக் கட்டையே நிரந்தரமாக வளைந்துவிட்டால் வைத்தியம் இல்லை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடைக்கல் தேட வேண்டாம். அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட், உறையோடு 515 முதல் 520 கிராம் காட்ட வேண்டும், பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். சின்ன எடைக்கு 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயம், ஒன்று 6 கிராம், பத்து சேர்த்தால் 60. ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் இல்லாமல் கருங்கல் மேடையில் வைத்துப் பாருங்கள்.

ஒரு வார்த்தை. இதைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கும் அம்மாக்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கூறு போட்டு விற்கிறவர் எடையே சொல்லவில்லை, ஏமாற்றினார் என்று எப்படிச் சொல்வீர்கள்? கொசுறாக இரண்டு மீன் விழுவதும் அங்கேதான், கண்ணாடிக் கதவு போட்ட கடையில் விழாது. கிலோ சொல்லி விற்கும் கடையென்றால் எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், இரும்புக் கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறையும் முத்திரை போட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போகலாம். வீட்டு மெஷினுக்கு முத்திரை கிடையாது, அதன் எண்ணை வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

இனி நண்பரின் கேள்விக்கு. எடை சரியாகக் காட்டுகிறது. போட்ட காசை மீன் வாங்கும் வீடு சீக்கிரமே எடுத்துவிடும். ரிப்பேரும் கைக்கு அடக்கம். இருந்தாலும் 5க்கு 2தான் கொடுப்பேன், வாங்காதீர்கள். மீன் கையோடு இருக்கும்போது இரண்டு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் தராசை மீன் தின்னும் ஊரில் விற்பது திமிர். வேறு மாடல் பார்க்கிறீர்கள் என்றால் ஆன்லைனில் வேண்டாம், கடைக்கே போங்கள். பேட்டரி போடச் சொல்லி, ஒரு டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கடைக்காரரோடு ஊர்க்கதை பேசுங்கள். திரை எரிந்துகொண்டிருந்தால் காசைக் கொடுங்கள்.