ஃப்ளாப்பி வாங்கப் போய் 6,550 ரூபாய் போச்சு: பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனம்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அப்பாவின் பழைய பிசி எக்ஸ்டி (1980களின் கம்ப்யூட்டர்) இன்னும் ஓடுகிறது. ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி (காந்தப் பூச்சுள்ள மெல்லிய டிஸ்க்) போடும் 360 கேபி டிரைவ், டாஸ் 3.3 என்ற அந்தக் கால இயங்குதளம். அவர் வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருளில் அடித்த கடிதங்கள் இருக்கும் ஃப்ளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் புது டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஆசை.

பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம்: "சீல் உடைக்காத டிஎஸ்டிடி, 20 டிஸ்க்". டிஎஸ்டிடி என்றால் இரு பக்கமும் எழுதும் இரட்டை அடர்த்தி டிஸ்க், 360 கேபி டிரைவுக்கு அதுதான் வேண்டும். எச்டி என்பது அதைவிட அதிகம் கொள்ளும் வேறு வகை. போன் செய்தேன். நான் கேட்காமலே அந்த ஆள், "360 கேபி டிரைவ்தானே சார்? எச்டி போட்டா எழுதாது, ஏமாந்துடாதீங்க. நானும் டாஸ் காலத்து ஆளுதான்" என்றார். அங்கேதான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூரியரோடு சேர்த்து 6,550 ரூபாயை அப்போதே ஜிபே செய்தேன்.

பெட்டி வந்தது. முதல் டிஸ்க்கைப் போட்டு ஃபார்மட் கொடுத்தேன். டிரைவ் கரகரவென்று இரண்டு தரம் முனகிவிட்டு, "டிராக் 0 பேட் - டிஸ்க் அன்யூசபிள்" என்றது, அதாவது டிஸ்க் உபயோகப்படாது. இரண்டாவதும் அதேதான். ஐந்தாவது மட்டும் கடைசி வரை போனது. நல்ல டிஸ்க்கில் 362,496 பைட்டும் முழுசாகக் கிடைக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் பேட் செக்டர், அதாவது எழுத முடியாத பகுதி. மறுநாள் காலை அதையும் டிரைவ் படிக்கவில்லை.

சந்தேகம் வந்து லேபிளை நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு லேபிள்: எச்டி, 96 டிபிஐ (ஒரு அங்குலத்தில் 96 தடங்கள்). அதாவது 1.2 எம்பி டிஸ்க். அதன் பூச்சில் எழுத ஏறக்குறைய இரண்டு மடங்கு காந்த வலு வேண்டும். 360 கேபி டிரைவில் எழுதும் ஹெட்டுக்கு அது கிடையாது. அந்த ஆள் போனில் எனக்குப் பாடம் எடுத்தது இதைத்தான்!

கூப்பிட்டேன். "ஓட்டையில டேப் ஒட்டிட்டு ஃபார்மட் பண்ணுங்க சார்." அது மூன்றரை அங்குல டிஸ்க் வித்தை ஐயா. இதில் ஓரத்தில் இருக்கும் வெட்டு ரைட் புரொடெக்ட்டுக்கானது. அதில் டேப் ஒட்டினால் எழுதவே எழுதாது. அதைச் சொன்னதும், "உங்க டிரைவ் ஹெட்ட கிளீன் பண்ணுங்க." செய்தேன். அப்புறம், "சீல் உடைச்சிட்டீங்க, ஃபார்மட் வேற பண்ணிட்டீங்க, இனி அது செகண்ட் ஹேண்ட்." சீல் உடைக்காமல் ஃபார்மட் செய்வது எப்படி என்று கேட்டேன். லைன் கட். செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 6,550 ரூபாய்!

என்னவெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. நடு ஓட்டையைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்று போட்டோ கேளுங்கள். 360 கேபி டிஸ்க்கில் பெரும்பாலும் இருக்கும், எச்டியில் பெரும்பாலும் இருக்காது. லேபிள் மேல் லேபிள் இருந்தால் வாங்காதீர்கள். முன்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்று காலையும் பார்த்தேன், அந்த விளம்பரம் அப்படியே இருக்கிறது. "இன்னும் 3 பெட்டிதான்" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்.